காந்தியின் 255

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தில் ‘பிழையின் அழகு’ கட்டுரையைச் சென்ற வாரம்தான் வாசித்தேன். அதில் ‘சிவிலைசேஷன்’ என்ற கம்ப்யூட்டர் கேமில் காந்தி அணுகுண்டு போடும் கதையைச் சொல்லியிருந்தீர்கள். ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு மூர்க்க எண் உண்டு, காந்திக்கு அது 1. இந்தியா ஜனநாயகத்துக்கு மாறியதும் அதில் 2 கழியும். அந்த இடத்தில் மைனஸ் எண்ணுக்கு வழி இல்லாததால் அது சுற்றிக்கொண்டு போய் 255 ஆகிவிடும். அகிம்சைக்காரர் உலகத்திலேயே பெரிய மூர்க்கராகிவிடுவார் என்று எழுதியிருந்தீர்கள்.

சிரித்துக்கொண்டே என் மகளிடம் காட்டினேன். பதினொன்றாம் வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அவள் சிரிக்கவில்லை. “அம்மா, இது பொய். அந்த கேமைச் செஞ்சவரே பொய்னு சொல்லிட்டார். இவர் இன்னும் ஏதோ பழைய யூடியூப் வீடியோவை நம்பிட்டிருக்கார்” என்றாள். மன்னிக்கவும், அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

யார் சொல்வது சரி? இன்னொன்றும் கேட்க வேண்டும். கேம்களுக்குள் ஒளிந்திருக்கும் இந்த மாதிரித் தகவல்களை அவள் மணிக்கணக்காகத் தேடிப் படிக்கிறாள். பரீட்சைக்கு உதவாத இதில் அப்படி என்னதான் இருக்கிறது? நீங்களும் இதையெல்லாம் எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

செல்வராணி
திண்டுக்கல்

---

அன்புள்ள செல்வராணி அவர்களுக்கு,

உங்கள் மகள் சொன்னதுதான் சரி. நான் எழுதியது தவறு. யூடியூப் விஷயத்திலும் அவள் ஊகம் ஏறக்குறைய சரி. வீடியோ இல்லை, நண்பர் ஒருவர் அனுப்பிய வாட்ஸப் செய்தி. அது இன்னும் கேவலம்.

கட்டுரையோடு போயிருந்தால் பரவாயில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு பொறியியல் கல்லூரியில் பேசப் போனபோது இந்தக் கதையைத்தான் முதலில் எடுத்து விட்டேன். இருநூறு பிள்ளைகள் இருந்த அரங்கம். 255 என்று சொல்லி நிறுத்தியதும் கைதட்டல். ஒருவர்கூட எழுந்து, “சார், சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஓர் எண்ணை வெறுமனே இன்ட் (முழு எண்) என்று போட்டால் அது மைனஸையும் எடுத்துக்கொள்ளுமே, பிறகு எப்படி 255 வரும்?” என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். எண் முறைகள் உங்கள் மகளின் பாடத்திலேயே இருக்கின்றன.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ‘சிவிலைசேஷன்’ 1991இல் மைக்ரோப்ரோஸ் நிறுவனம் வெளியிட்டது, செய்தவர் சிட் மையர். 2020இல் வந்த தன் நினைவுக்குறிப்பில் அவர் இந்தக் கதையை எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு பிழையே இல்லை என்று எழுதிவிட்டார். இரண்டாம் பாகத்தை வடிவமைத்த ப்ரையன் ரெனால்ட்ஸும் அதையே சொன்னார். முதல் பாகத்தில் மூர்க்கத்துக்கு இருந்தவை மொத்தம் மூன்றே படிகள். காந்தி இருந்தது கீழ்ப் படியில், ஆனால் தனியாக இல்லை. தலைவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அதே படியில் நின்றார்கள். தப்பித் தவறி ஒருவருக்கு 255 வந்திருந்தாலும், 3 இருப்பவர் செய்வதைத்தான் அவரும் செய்திருப்பார்.

அப்படியென்றால் காந்தி அணுகுண்டைக் காட்டி மிரட்டியதாகப் பலருக்கும் இருக்கும் ஞாபகம்? அது பொய்யில்லை. அந்த கேமில் அணு ஆயுதம் கையில் வந்த எந்தத் தலைவரும் பேச்சுவார்த்தையில் அதைச் சொல்லிக் காட்டுவார், எல்லாருக்கும் ஒரே வசனம். லிங்கன் அதைச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. வட்டக் கண்ணாடி போட்ட காந்தி சொன்னால் மறக்குமா?

255 வந்து ஒட்டிக்கொண்டது வெகு காலம் கழித்து. 2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில், அணு ஆயுத நாட்டத்துக்குப் பத்துவரை போகும் அளவுகோலில் காந்திக்கு மட்டும் 12 என்று வேண்டுமென்றே போட்டார் அதன் வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர். விளையாட்டுக்குள் ஒரு விளையாட்டு. அதைப் பார்த்தவர்கள் காரணம் தேடியிருக்கிறார்கள். 2012இல், யார் வேண்டுமானாலும் திருத்தி எழுதக்கூடிய ஓர் இணையதளத்தில் 1 கழித்தல் 2 கணக்கு ஏறியது. முதல் பாகம் வந்து 21 வருடம் கழித்து! அங்கிருந்து பத்திரிகைகளுக்கு, அங்கிருந்து என் நண்பரின் போனுக்கு, அங்கிருந்து எனக்கு, என்னிடமிருந்து அந்த இருநூறு பேருக்கு.

நான் ஏன் விழுந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கணக்கு தவறில்லை என்பதுதான் காரணம். எட்டு பிட், அதாவது 0 அல்லது 1 மட்டுமே வரும் எட்டு இடங்கள், நம் பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் கட்டை மாதிரி. 99999க்கு அப்புறம் 00000. எட்டு பிட்டில் 255க்கு அப்புறம் 0. பின்னாலே உருட்டினால் 0க்கு முன் 255. இப்படிச் சுற்றிக்கொண்டு கவிழ்ந்த கேம்கள் உண்மையிலேயே இருக்கின்றன. அவற்றைப் படித்திருந்ததால் இதையும் அந்தச் சாதியில் சேர்த்துவிட்டேன்.

‘பேக்மேன்’ உங்களுக்கே தெரிந்திருக்கும். 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் டோரு இவாடானி உருவாக்கியது. மஞ்சள் வாய் ஒன்று புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும், நான்கு பேய்கள் துரத்தும். எத்தனையாவது லெவல் என்று காட்ட, திரையின் கீழே செர்ரி, ஸ்ட்ராபெரி என்று வரிசையாகப் பழங்கள் வரும், அதிகபட்சம் ஏழு. 255 லெவல்வரை ஒரு குறையும் இல்லை. 256இல் பழம் வரையும் இடத்தில் எண்ணிக்கை சுற்றி 0 ஆகிறது. ஏழோடு நிற்க வேண்டிய பகுதி, நிறுத்தத் தெரியாமல் 256 பழங்களை வரைய உட்காருகிறது. பழங்களின் பட்டியல் தீர்ந்த பிறகும் விடுவதில்லை. நினைவகத்தில் அடுத்தடுத்து என்ன கிடக்கிறதோ அதையெல்லாம் பழம் என்று நினைத்து இறைக்கிறது.

அந்தத் திரையை ஒருமுறை பாருங்கள். இடது பாதியில் வழக்கமான நீலச் சுவர்கள், ஒழுங்கான புள்ளிகள். வலது பாதியில் அரை எழுத்து, உடைந்த எண், பாதிச் செர்ரி, நிறம் மாறிய கட்டங்கள். நனைந்த செய்தித்தாளை உரித்து ஒட்டியதுபோல இருக்கும். லெவலை முடிக்க 244 புள்ளிகளைத் தின்ன வேண்டும். வலப்பக்கக் குப்பைக்குள் போதுமான புள்ளிகள் இல்லை. ஆகவே அந்த லெவலை யாராலும் முடிக்க முடியாது, பேய்களிடம் சாகத்தான் வேண்டும். இதனால்தான் பேக்மேனில் எடுக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது: 3,333,360. முடிவே இல்லாமல் ஓட வேண்டும் என்று செய்த கேமுக்கு ஒரு கூட்டல் பிழை முடிவு கட்டிவிட்டது.

‘டாங்கி காங்’கிலும் இதே கதைதான். லெவல் எண்ணைப் பத்தால் பெருக்கி 40 கூட்டி நேரக் கணக்குப் போடுவார்கள். 22ஆவது லெவலில் அது 260. எட்டு பிட்டில் 260 நிற்காது, 4 ஆகிவிடும். ஏணி ஏறுவதற்குள் நேரம் முடிந்து மாரியோ செத்து விழுவார்.

இந்த இரண்டையும் காந்தி கதையோடு வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. நான் அன்றே பார்த்திருக்க வேண்டும். காந்தி கதையில் ஒரு நீதி இருக்கிறது. ஜனநாயகத்துக்கு மாறினால் வெறி பிடிக்கும், அடக்கி வைத்த சாது வெடித்துவிடுவார் — பட்டிமன்றத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. பேக்மேனின் 256இல் என்ன நீதி இருக்கிறது? செர்ரி வரையத் தெரியாமல் போனதில் யாருக்கு என்ன பாடம்? ஒன்றும் கிடையாது. (நிஜ வரலாறும் சில நேரம் இப்படி அளவெடுத்துத் தைக்கும் என்பது வேறு விஷயம். 1974இல் பொக்ரானில் வெடித்த குண்டுக்குச் சிரிக்கும் புத்தர் என்று பெயர் ஒட்டியது. இதை ஒரு கேமில் வைத்திருந்தால் மிகை என்று நானே சொல்லியிருப்பேன்.)

‘சூப்பர் மாரியோ’வில் இருக்கும் மைனஸ் உலகத்தை உங்கள் மகளிடம் கேளுங்கள், நிச்சயம் தெரிந்திருக்கும். 1985இல் வந்த கேம். முதல் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில், கடைசியில் ஒரு சுவர் ஓரமாகக் குறிப்பிட்ட விதத்தில் குதித்தால் மாரியோ சுவருக்குள் புகுந்துவிடுவார். அந்தப் பக்கக் குழாயில் இறங்கினால் திரையில் ‘உலகம் –1’ என்று வரும். தண்ணீருக்குள் நீந்திக்கொண்டே இருக்கலாம், கடைசிக்கு வந்தால் மறுபடி ஆரம்பத்துக்கே கொண்டுவந்து விடும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் இது ரகசிய உலகம், நரகம் என்றெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அது 36ஆம் உலகம். எண்ணைத் திரையில் காட்ட 36ஆவது சிறு கட்டத்தை எடுக்கிறது கேம். அந்தக் கட்டத்தில் இருப்பது வெற்றிடம். 36–1 என்று வர வேண்டியது, முன்னால் உள்ள 36 தெரியாமல் –1 என்று தெரிகிறது. இதைப் பொய்யாக ஒருவர் உருவாக்குவது கஷ்டம். யாருக்கு 36 தோன்றும்?

அதே கேமின் மேகங்களையும் புதர்களையும் கவனித்திருக்கிறீர்களா? இரண்டும் ஒரே படம். வானத்தில் வைத்து வெள்ளை பூசினால் மேகம், தரையில் வைத்துப் பச்சை பூசினால் புதர். மொத்த கேமும் 40 கிலோபைட், அதில் படங்களுக்கு 8 கிலோபைட்தான். இன்று நீங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோவில் இது போலப் பல டஜன் மாரியோக்கள் அடங்கும். இடம் இல்லாதவர்கள் ஒரு பாயையே இரவில் படுக்கவும் பகலில் வடகம் காயவைக்கவும் பயன்படுத்துவதுபோல. கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள், வருடக்கணக்காக யாருக்கும் உறைக்கவில்லை. ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் புதர் புதராகவே தெரியாது.

‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இன்னும் அழகு. 1978, டைட்டோ நிறுவனம், டோமோஹிரோ நிஷிகாடோ. ஐந்து வரிசை, வரிசைக்குப் பதினொன்று, ஆக 55 வேற்றுக்கிரகப் பூச்சிகள் மெல்ல இறங்கிவரும். சுடச் சுட மீதி இருப்பவை வேகம் எடுக்கும். கடைசி ஒன்று பறக்கும். விளையாடுகிறவனுக்கு நெஞ்சு படபடக்கும். வேகப்படுத்தலாம் என்று யாரும் திட்டம் போடவில்லை. அந்தச் சிப்பால் ஒரு நேரத்தில் ஒரு பூச்சியைத்தான் நகர்த்த முடிந்தது. 55 பேரையும் ஒரு சுற்று நகர்த்தி வர நேரம் பிடிக்கும், பத்துப் பேர் என்றால் சீக்கிரம் சுற்று முடிந்துவிடும். நிஷிகாடோ அதைப் பார்த்தார், இது நன்றாக இருக்கிறதே என்று விட்டுவைத்தார். அந்த ‘விட்டுவைத்தது’தான் கலைஞனின் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. வேறொருவராக இருந்தால் அசட்டுத்தனமாகச் சரிசெய்திருப்பார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்றால், ஒரு ஆள் இருக்கிறார். பெட்டிக்குள்ளே இருந்து யாரோ எட்டிப் பார்க்கிறார். அதிகம் சொல்லப்பட்ட கதைதான், என்றாலும் சொல்கிறேன், உங்களுக்காக.

அடாரி என்ற அமெரிக்க கேம் நிறுவனம் 70களின் கடைசியில் கேம் செய்தவர்களின் பெயரை எங்கேயும் போடாது. பெட்டியின் மேல் கிடையாது, கேமுக்குள் கிடையாது. இந்தக் கோபத்தில்தான் நான்கு புரோகிராமர்கள் 1979இல் வெளியேறி ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உள்ளேயே இருந்தவர்களில் ஒருவர் வாரன் ராபினெட். ‘அட்வெஞ்சர்’ என்ற கேமைத் தனி ஆளாகச் செய்தார். கோட்டைகள், சாவிகள், வாத்து மாதிரி இருக்கும் டிராகன்கள். எல்லாம் 4,096 பைட்டுக்குள். அது பத்து லட்சம் பிரதி விற்றது, ஒன்று 25 டாலர். அவருக்கு வருடச் சம்பளம் சுமார் 22,000 டாலர், அதோடு சரி.

ராபினெட் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். கறுப்புக் கோட்டைக்குள் அடைத்த ஓர் அறையில் ஒரு புள்ளியை வைத்தார். ஒரே ஒரு புள்ளி, தரையின் அதே சாம்பல் நிறம், கண்ணுக்குத் தெரியாது. பாலம் ஒன்றைச் சுவரின் மேல் போட்டு உள்ளே போய், தட்டுத் தடவி அதை எடுத்துக்கொண்டு, மஞ்சள் கோட்டைக்குப் பக்கத்து அறைக்கு வர வேண்டும். அந்த இயந்திரத்தால் ஓர் அறையில் இரண்டு பொருளுக்கு மேல் சேர்ந்தாற்போல் காட்ட முடியாது, அதிகமானால் மினுக்கும். புள்ளியோடு வேறு பொருள்களும் அங்கே சேர்ந்தால், ஓரத்துச் சுவர்க்கோடு மினுக்கத் தொடங்கும். அந்த இடைவெளியில் புகுந்தால் ஒரு ரகசிய அறை. நடுவில் மேலிருந்து கீழாக நிறம் மாறி மாறி மின்னும் எழுத்துகள்: படைத்தவர் வாரன் ராபினெட்.

தீட்சிதர் கீர்த்தனையில் ‘குருகுஹ’ வந்துவிட்டால் அது யாருடையது என்று கேட்க வேண்டாம். தியாகராஜர் தன் பெயரையே வைத்துவிடுவார். முத்திரையை உருவினால் அந்த இடம் பல்லிளிக்கும். ராபினெட் செய்ததும் முத்திரைதான், ஆனால் கூலிக்காரன் முதலாளிக்குத் தெரியாமல் வைத்த முத்திரை. 4,096 பைட்டில் ஏறக்குறைய 5 சதவீதத்தை அதற்கு எடுத்துக்கொண்டார். மாரியோக்காரர்கள் மேகத்தையும் புதரையும் ஒன்றாக்கி மிச்சம் பிடித்த அளவு இறுக்கமான காலத்தில் இது பெரிய செலவு.

அடாரிக்கு எப்படித் தெரிந்தது? சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஒரு பதினைந்து வயதுப் பையன் கடிதம் எழுதினான். உங்கள் மகள் வயதுதான். அதற்குள் ராபினெட் வேலையை விட்டுப் போய்விட்டார். எடுத்துவிடலாம் என்றால் சிப்பின் அச்சைப் புதிதாகச் செய்ய 10,000 டாலர் ஆகுமாம். அங்கே மேலாளராக இருந்த ஸ்டீவ் ரைட், இருக்கட்டும், ஈஸ்டர் முட்டை ஒளித்துவைத்துத் தேடுவதுபோலத்தானே இது, இனி நாமே எல்லா கேமிலும் வைப்போம் என்றார். கேமுக்குள் ஒளித்துவைக்கும் ரகசியங்களுக்கு ஈஸ்டர் முட்டை என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ராபினெட்டுடையதுதான் உலகின் முதல் ஈஸ்டர் முட்டை என்றும் நான் கட்டுரையில் எழுதியிருந்தேன், அதையும் திருத்த வேண்டும். அதே அடாரியில் 1977இல் வந்த ‘ஸ்டார்ஷிப் 1’இல், பொத்தான்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் ‘ஹாய் ரான்’ என்று திரையில் வந்து பத்து ஆட்டம் இலவசமாகக் கிடைக்கும். ரான் மில்னர் என்ற பொறியாளர் வைத்தது. 2017வரை உலகத்துக்குத் தெரியாது. நாற்பது வருடம் ஒரு மனிதரின் வணக்கம் காத்துக்கிடந்திருக்கிறது.

பொய் என்று ஒதுக்கிய ஒன்று மெய்யாவதும் உண்டு. 1982இல் அடாரி ‘ஈ.டி.’ என்று ஒரு கேம் வெளியிட்டது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா அதை ஐந்தே வாரத்தில் செய்ய வேண்டியிருந்தது. விற்காத கேட்ரிட்ஜ்களை (கேம் அடங்கிய சிறு பெட்டிகளை) லாரி லாரியாகக் கொண்டுபோய் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ஆலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் 1983இல் புதைத்துவிட்டார்கள் என்ற பேச்சு ரொம்ப காலம் ஓடியது. கட்டுக்கதை என்று பலர் தள்ளிவிட்டார்கள். 2014 ஏப்ரலில் தோண்டினார்கள். இருந்தது. சுமார் 1,300 கேட்ரிட்ஜ்களை வெளியே எடுத்தார்கள், அவற்றில் ஒரு ‘ஈ.டி.’ இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குள் மனநல ஆலோசகராகிவிட்டிருந்த வார்ஷா குழி ஓரத்தில் நின்று பார்த்துக் கண்கலங்கினார்.

ஆக, எது நிஜம் என்று கேட்டால், கேட்ரிட்ஜைத் திறந்து பார்க்க வேண்டும், அல்லது மண்ணைத் தோண்ட வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. உங்கள் மகள் யார் சொன்னார் என்று தேடிப் போய்ப் பார்த்திருக்கிறாள். பரீட்சைக்கு உதவுமா என்றால் தெரியாது, ஆனால் அவள் மணிக்கணக்கு வீணாகிறது என்று என்னிடம் சொல்லாதீர்கள், எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

கட்டுரையில் அந்தப் பத்தியை நீக்கவில்லை. மேலே திருத்தம் போட்டு, திண்டுக்கல்லிலிருந்து ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவி சுட்டிக்காட்டியது என்று குறிப்பு வைத்திருக்கிறேன். பெயர் போடலாமா என்று அவளிடமே கேட்டுச் சொல்லுங்கள். பெயர் போடாமல் விடுகிற வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டு, கேட்காமல் இருக்க முடியாது.

இந்தப் பதிலை எழுதத் தொடங்கும் முன், சொல்வதை இந்த முறையாவது கண்ணால் பார்த்துவிடுவோம் என்று நேற்று ராத்திரி லேப்டாப்பில் ‘அட்வெஞ்சர்’ போட்டேன். இரண்டாவது ஆட்டம், அதில் புள்ளி கிடைக்கும். கறுப்புக் கோட்டைவரை போய்விட்டேன். அங்கே அந்தத் திருட்டு வௌவால் வந்து பாலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பின்னாலேயே ஓடியபோது டிராகன் விழுங்கிவிட்டது. அதோடு முடியவில்லை. வயிற்றுக்குள் நான் ஒரு சின்னச் சதுரமாக உட்கார்ந்திருக்க, அதே வௌவால் திரும்பி வந்து டிராகனைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. கோட்டை கோட்டையாக, அறை அறையாக, ஊர்வலம் மாதிரி சுற்றிக் காட்டியது. மணி ஒன்றரை. மனைவி எழுந்து வந்து பார்த்தாள். இன்று ராத்திரி மறுபடி முயற்சி செய்வேன்.

அன்புடன்